தேசம்மா அக்கா மாற்றிய இரண்டு வரி

1

இந்த மார்ச்சோடு நான் சுவீடனுக்கு வந்து இருபத்தொரு வருஷம் முடிந்தது. அந்த நாளில் என் மனைவி சுகந்தி சேமியா பாயசம் வைப்பாள். முதல் வருஷம் அழுகையை அடக்கத் தொடங்கிய பழக்கம் அது. இப்போது யாரும் அழுவதில்லை, பாயசம் மட்டும் மிச்சம். ருசியாகவும் இருக்கிறது.

பாயசம் குடித்துக்கொண்டே என் மகள் கயல் ஒரு படிவத்தைக் காட்டினாள். அவளுக்குப் பதினெட்டு வயது. மே மாதம் பள்ளியில் இசை நிகழ்ச்சி. அவரவர் வீட்டு மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். படிவத்தில் பாட்டின் பேரையும் எழுதியவரின் பேரையும் நிரப்பித் தர வேண்டும்.

"அப்பா, இந்தப் பாட்டை யார் எழுதியது?" என்று கேட்டாள். இங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. என்னிடம் ஏதாவது கேட்டால் தேர்வுத்தாளில் வரும் கேள்விபோலவே இருக்கும்.

போனில் ஒரு வீடியோவைப் போட்டாள். வியாசர்பாடியில் ஏதோ மைதானத்துச் சுவரில் சாய்ந்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இளம்பெண் பாடுகிறாள். பக்கத்தில் ஒருவர் தண்ணீர் கேனைக் கவிழ்த்துத் தாளம் தட்டுகிறார். கீழே 'பழைய கானா' என்று மட்டும் போட்டிருக்கிறது.

அலையெல்லாம் கரைக்கு வருது ஆறுமுகம்
ஆளத்தான் காணலியே ஆறுமுகம்

ஸ்பூனைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ராயபுரத்தில் ஒரு சந்துப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் எழுதிய பாட்டு. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள். நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு போனேன். கடைசி இரண்டு வரியில் அவள் வேறு எங்கோ போய்விட்டாள்.

சாத்திட்டேன் கதவ நானே, தூக்கம் வந்து கீது
போ மாமா போ

நான் எழுதியது அது இல்லை. நான் எழுதியது,

சாத்தாத கதவாண்ட நின்னுகினே கீறேன்
வா மாமா வா

என்னுடைய பாட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "இது தப்பு" என்றேன்.

"எது தப்பு? எனக்கு அந்தக் கடைசிதான் மிகவும் பிடித்தது. ஆனால் ஒரு சந்தேகம். யார் அந்தக் கீது?"

ஒரு பெண்ணின் பேர் என்று நினைத்திருக்கிறாள். தூக்கம் வந்து கீது. வடசென்னையில் பிறந்தவன் மகளுக்கு 'இருக்கிறது' என்பதுதான் 'கீது' என்று விளக்க வேண்டியிருந்தது. சுகந்தி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என் தோஸ்து பாபு, காசிமேட்டில் ஐஸ் பார் ஏற்றி இறக்குகிறவன். அவனுக்குத் தொண்டை, எனக்குப் பேனா. கல்யாணம், காதுகுத்து, சாவு எங்கே கூப்பிட்டாலும் போவோம்.

சாவு வீட்டுக் கானாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. செத்தவர் பேரைச் சொல்லி, அவர் செய்த நல்லதையும் அடித்த கூத்தையும் சொல்லி, இருக்கிறவர்களைச் சிரிக்கவும் அழவும் வைத்து, முடிவில் 'போ' என்று அனுப்பிவிட வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் யாரும் 'போ' என்று சொல்ல மாட்டோம். 'போயிட்டு வா' என்போம். சாவு வீட்டில் மட்டும்தான் அந்த 'வா' கிடையாது.

எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி ஆறுமுகம் அண்ணன் வீடு. ஒரு விடியற்காலையில் மூன்று பேராகப் படகில் போனார்கள். அலையில் படகு கவிழ்ந்தது. இரண்டு பேரை இன்னொரு படகு தூக்கி வந்தது. ஆறுமுகம் அண்ணன் கிடைக்கவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அவருடைய மனைவி தேசம்மா அக்காவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளை இல்லை.

ஒரு மாதம் பொறுத்த சொந்தக்காரர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமியானா போட்டு, அண்ணன் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்து அந்த மாலையைக் கழற்றி, மடித்து, முறத்தில் வைத்தார். அவசரமில்லாமல் செய்தார். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. பிறகு பாபுவைப் பார்த்தார்.

"நீ பாடு. ஆனா போன்னு பாடாத. வான்னு பாடு."

"யக்கா, சாவு வூட்ல அப்டி பாட மாட்டாங்கக்கா."

"இது சாவு வூடு இல்லியே."

பாபு என்னைப் பார்த்தான். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஷிப்ட் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கத்தில் அரைமணி நேரத்தில் எழுதினேன். அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் எழுதியதில்லை. பாபு பாடினான். அக்கா கதவுநிலையைப் பிடித்தபடி நின்று கேட்டார். முடிந்ததும் பின்பாட்டுக்காரர்கள்கூடத் தாளத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் அந்தப் பாட்டு எண்ணூர் வரைக்கும் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். அடுத்த மார்ச்சில் கம்பெனி என்னை கோத்தன்பர்க் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி வேலையாயிற்று, வேலை வீடாயிற்று.

ஊருக்கு நாலு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அக்காவைப் பார்த்தேன், வாசலில்தான் நின்றிருந்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வாசலைக் கடக்கத் துணிவில்லை. அப்பா போன பிறகு தங்கை மீஞ்சூர் பக்கம் போய்விட்டாள். ராயபுரத்துக்குள் நுழையாமல் இருக்க அது ஒரு சாக்கு.

ஆனால் பாட்டை விடவில்லை. குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து லாரி எஞ்சின் சோதிக்கிற வேலைக்குக் காரில் போகும்போது பாடிக்கொண்டே போவேன். பாடுகிற ஒவ்வொரு தடவையும் அக்கா வாசலில் நிற்பார். அதே புடவை, அதே வயது.

3

வந்த புதிதில் மொழி வகுப்புக்குப் போவேன். ஒருநாள் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பாடகி தன் புதுப் பாட்டை என்னவோ செய்துவிட்டாள் என்று இருந்தது. அந்த வினைச்சொல் ஸ்லெப்பா. அதற்கு முந்தின வாரம்தான் ஸ்லெப்பா என்றால் கைவிடுவது, பிடியை விடுவது என்று படித்திருந்தோம். நான் எழுந்து, "பாவம், பாடகி தன் பாட்டைக் கைவிட்டுவிட்டாள்" என்று பொருள் சொன்னேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளியிட்டாள் என்று அர்த்தம்" என்றார். விடுவதற்கும் வெளியிடுவதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தானாம்.

வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் உட்கார்ந்து யோசித்தபோது நமக்கும் அப்படித்தானே என்று பட்டது. ராயபுரத்தில் யாரும் 'பாட்டுப் பாடு' என்று சொல்ல மாட்டார்கள், 'ஒரு பாட்டு எடுத்து வுடு' என்பார்கள். பொய் சொன்னால் 'கதை வுடாத'. மனசு கெட்டுக் கிடந்தால் 'வுட்டுத் தள்ளு மாமு'. பாட்டும் கதையும் கவலையும் எல்லாமே விடுகிற சாமான்கள். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாக சுகந்திக்குச் சொன்னதோடு சரி.

4

வீடியோ பார்த்த வாரக்கடைசியில் பாபுவைக் கூப்பிட்டேன். பேசி மூன்று வருஷம் இருக்கும். அவன் இப்போது திருவொற்றியூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சாவு வீடுகளுக்கும் போகிறான்.

"இன்னா மச்சி, உயிரோடதான் கீறியா?" என்றான்.

நலம் விசாரிப்பதற்குள் நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். யாரோ மாற்றிப் பாடுகிறார்கள், உனக்குத் தெரியுமா, நீ கேட்கவில்லையா என்று பொரிந்தேன்.

"அந்தப் பொண்ணு மாத்தல சேகரு. நான் பாடி அது கேட்டுச்சு. நான் அப்டித்தான் பாடிகினு கீறேன், பத்து பதினோரு வருசமா."

"நீ மாத்துனியா?"

"நான் ஏன் மாத்தப் போறேன். அக்கா மாத்துச்சு."

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? தேசம்மாக்கா. அத்தோட பாட்டுதான? இரு, அங்கதான் போறேன், வீடியோல வரேன்."

இருபது நிமிஷம் கழித்து போன் அடித்தது. திரையில் ஒரு பெரிய இரும்புச் சட்டி, புகை, அதற்குப் பின்னால் ஒரு முகம். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அறுபது வயதிருக்கும். கன்னம் உப்பி, மூக்குத்தி போட்டு, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேகரு, இன்னாடா மண்டையெல்லாம் நரைச்சிட்ச்சு?"

குரல் மட்டும் அதேதான். சாயங்காலத்தில் வறுத்த மீன் கடை போடுகிறாராம், காசிமேட்டுக்குப் போகிற சாலையோரத்தில். ஒன்பது வருஷம் ஆகிறதாம். சுகந்தியைக் கேட்டார், கயலைக் கேட்டார், அங்கே அரிசி கிடைக்குமா என்று கேட்டார். நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"பாட்ட மாத்திட்டேன்னு கோவமா?"

"கோவமில்லக்கா. ஏன் மாத்துனீங்கன்னுதான்."

"ரேசன் கடைல நின்னுகினு இருந்தேன். கார்டுல அவுரு பேருதான மொதல்ல கீது. புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு வேலைக்கு. குடும்பத் தலைவர் வரலியான்னு கேட்டுச்சு. நான் எப்பவும் சொல்ற மாறி, கடலுக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். சொல்ட்டு, எனுக்கே சிரிப்பு வந்துச்சு. பதினோரு வருசமாவா ஒருத்தன் கடலுக்குப் போவான்? கியூவுல நின்னுகினு சிரிச்சேன். அப்புறம் அழுதேன். வூட்டுக்கு வந்து படுத்தேன் பாரு, அடுத்த நாளு மத்தியானம்தான் எயுந்தேன்."

அதற்குப் பிறகுதான் பாபுவைக் கூட்டிக்கொண்டு, காணாமல் போனவருக்கு இறப்புச் சான்று வாங்க அலைந்திருக்கிறார். ஏழு வருஷத்திலேயே வாங்கியிருக்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். கையெழுத்துப் போட்ட அன்று படத்துக்குத் தானே மாலை வாங்கிப் போட்டு, பாபுவைப் பாடச் சொன்னார். கடைசி இரண்டு வரியைத் தானே சொல்லிக் கொடுத்தார்.

"எனக்கு ஏங்கா சொல்லல?" என்றேன்.

அக்கா சட்டியில் இருந்ததைத் திருப்பிப் போட்டார்.

"தப்பா நெனச்சுக்காத சேகரு. உன் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான கேட்டேன். ஆனா எங்க போனாலும் என்னப் பாத்தா அத்தப் பாடுவாங்க. கல்யாணத்துக்குப் போனாலும் பாடுவாங்க. நான் நல்லதா ஒரு புடவ கட்டினா, ஒரு சினிமாவுக்குப் போனா, ஒரு மாறி பாப்பாங்க. கதவாண்ட நிக்கிறவ இங்க இன்னா பண்றான்னு. கால் வலிச்சாக்கூட உக்கார முடில எனுக்கு."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் லேட்டாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா."

"வுடு. கல்யாணங்காட்சிக்கு ஊருக்கு வரவன், வந்தா இந்தப் பக்கம் வந்துட்டுப் போ. மூணு வாட்டி வந்து பாக்காமப் பூட்டியாமே."

தெரிந்திருக்கிறது.

5

அந்த வாரம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் பாதி, காத்திருப்பவர்களைப் பற்றியவை. கதைகளும் அப்படித்தான். போனவன் கடைசி ரீலில் திரும்பி வருவான். வராவிட்டால் ஜன்னலில் ஒரு முகத்தைக் காட்டி முடிப்பார்கள். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பரோட்டா சாப்பிடுவோம். ஜன்னலில் நின்றவள் மறுநாள் காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துப் போனாளா என்று யாரும் கேட்பதில்லை. எழுதுகிறவனுக்கும் அவள் அங்கேயே நிற்பதுதான் வசதி. வாசலில் நிற்கிற பெண்ணுக்கு எதுகை சுலபமாகக் கிடைக்கும். மீன் கடை போட்ட பெண்ணுக்கு யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நாம் கிளம்பிய அன்று ஊர் எப்படி இருந்ததோ அப்படியே நின்றால்தான் நாம் போய்வர முடியும் என்று நினைக்கிறோம். அங்கே இருப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது. அக்கா பதினோரு வருஷத்தில் விட்டதை நான் இருபத்திரண்டு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு என்னுடையது என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, "ஆனால் நான் பாடப்போவது அவர்களுடைய முடிவைத்தான்" என்றாள்.

"அதத்தான் பாடணும்" என்றேன்.

"அப்படியென்றால் இருவரின் பேரையும் போட வேண்டும்."

அங்கேதான் சிக்கல். கணினிப் படிவத்தில் முதல் பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம். இரண்டும் நிரம்பாமல் அது நகராது. என் விஷயத்தில் அந்தச் சண்டையில் நான் வந்த வருஷமே தோற்றுவிட்டேன். அப்பாவின் பேர் துலுக்கானம் எனக்குக் குடும்பப் பேராகிவிட்டது. இன்றைக்கும் மருத்துவமனையில் "துலுக்கானம்" என்று நர்ஸ் கூப்பிட்டால், அப்பாதான் வந்திருக்கிறாரோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

அக்காவைக் கேட்டோம். "குடும்பப் பேரு இன்னா போடணும்க்கா? ஆறுமுகம்னு போட்டுடலாமா?"



"வாணாம். அவுர ஏன் திரும்ப இஸ்துகினு வர? என் பேரையே போடு."

"ஒரு கட்டத்துல உங்க பேரு போட்டாச்சு. இன்னொரு கட்டம் காலியா கீதே."

"அதுலயும் என் பேரையே போடு."

அப்படியே போட்டாள் கயல். பாட்டு: சேகர் துலுக்கானம், தேசம்மா தேசம்மா. கணினி எந்த மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

6

மே மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. சென்னையில் சாயங்காலம் ஐந்தரை. அக்கா பார்க்க வேண்டும் என்று பாபுவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் சவாரியை விட்டுவிட்டு, கடையின் எண்ணெய் டின்மேல் போனை நிறுத்தி வைத்தான். நான் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஒரு கையில் போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

கயல் பாடினாள். ளகரம் ழகரம் எல்லாம் எங்கெங்கோ போயின. 'நின்னுகினே'யை மூன்று வாரம் பழகியும் இருந்தாள், இந்த முடிவில் அது இல்லை என்று தெரிந்தும். எதற்கு என்று கேட்டதற்கு, அக்கா முதலில் நின்றால்தானே பிறகு போக முடியும் என்றாள். அதனால் என் வரியையும் பாடினாள், ஒரு மூச்சு விட்டு, அக்காவின் வரியையும் பாடினாள். வா மாமா வா. இடைவெளி. போ மாமா போ. அவையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் சுகந்தியும் மட்டும்தான்.

ஆகஸ்டில் கயல் இங்கிருந்து தனியே வடக்கே ஒரு நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். ரயிலில் ஒரு முழு இரவு. இசை படிக்கப் போவதில்லை, மண்ணியலாம். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. சுகந்தி போர்வை வாங்கிவிட்டாள்.

கைதட்டலுக்கு நடுவே போனைத் திருப்பி அக்காவின் முகத்தைத் தேடினேன். முகம் இல்லை. போன் எப்போதோ சரிந்திருக்க வேண்டும். திரை முழுக்கக் கடையின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. எண்ணெய் பொரியும் சத்தம், லாரி ஹாரன், அதற்கு மேல் அக்காவின் குரல்.

"வஞ்சிரம் ரெண்டா? கொஞ்சம் நில்லு, இப்பதான் போட்டேன். யம்மா, உனுக்கு நெத்திலியா? மொளகாத்தூளு இன்னும் கொஞ்சம் தூவட்டா?"

எத்தனை நேரமாக அப்படி இருந்ததோ தெரியவில்லை. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சுகந்தி எட்டிப் பார்த்து, "இன்னா, பாட்டு கேக்கலியா அவங்க?" என்றாள்.

பிறகு ஒரு கை வந்து போனை நிமிர்த்தியது. வியர்த்த முகம் திரையில் நிறைந்தது.

"முடிஞ்சிட்ச்சா சேகரு? பொண்ணு நல்லா பாடுச்சா?"

"நல்லா பாடினாக்கா."

"நல்லா இருக்கட்டும். சரி, வெக்கட்டா? கூட்டமா கீது."